நோட்டீஸில் இல்லாத தரிப்பு

இராஜரட்ணம் தான் குடியிருந்த வீட்டுக்கு ஆட்களைக் கூப்பிடுவதில்லை. ரெக்ஸ்டேலில் இருந்த சிநேகிதன் இரத்தினவேல் ஒருநாள் வந்து பார்க்கப்போவதாகச் சொன்னால், உங்களுக்கு ஏன் வீண் அலைச்சல், நானே அங்காலை வாறன் என்று முந்திக்கொள்வான். வீட்டுக்காரி எப்படி என்று யாராவது விசாரித்தால், கனடாக்காரி, தங்கமான மனுசி என்பான். கேட்டவர்கள் ஒரு வெள்ளைக்காரியை மனதில் எண்ணிக்கொள்வார்கள். அவன் அதைத் திருத்தப் போவதில்லை.

வீட்டுக்காரியின் பெயர் வேர்ணா. கரீபியன் கடலில் செயின்ற் வின்சென்ற் என்ற சின்னத் தீவிலிருந்து இளவயதில் ரொறன்ரோவுக்கு வந்த கறுப்பினப் பெண்மணி. வயோதிபர் இல்லம் ஒன்றில் தாதிமாருக்கு உதவியாளராக வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழு, எக்ளின்ரன் மேற்கில் கடன் அடைத்து முடித்த சிவப்புச் செங்கல் வீடு. எண்பத்துநாலாம் ஆண்டுப் பனிக்காலத்தில் இராஜரட்ணம் அறை தேடித் திரிந்தபோது, ரெலிபோனில் வரச்சொன்னவர்கள் எல்லாரும் கதவைத் திறந்து முகத்தைக் கண்டதும், இப்போதுதான் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம் என்றார்கள். வேர்ணா கதவைத் திறந்து அவனுடைய முகத்தைப் பார்க்கவில்லை, நனைந்து ஊறிப்போன சப்பாத்தைப் பார்த்தார். அதைக் கழற்றி ஹீற்றருக்குக் கிட்ட வை, வாடகையைப் பிறகு கதைக்கலாம் என்றார்.

இரண்டு வருடம் கழித்து அவனுடைய மனைவி கமலாம்பிகை யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தாள். சப்வேயில் மாறி ஏறவும், உறைபனியில் வழுக்காமல் நடக்கவும் அவளுக்குப் பழக்கியது வேர்ணாதான். அவளுடைய முதற்கரு கலைந்தபோது, இராஜரட்ணம் தொழிற்சாலையில் ஷிஃப்ற்றில் நின்றான். ஆஸ்பத்திரிக் கதிரையில் விடிய விடிய இருந்தவர் வேர்ணா. அந்த நன்றி அவனுக்கு இல்லாமல் இல்லை. ஆனால் நன்றி ஒரு பக்கமும், ஒரு கறுவலின் வீட்டு மாடியில் இருக்கிறோமே என்ற கூச்சம் மறுபக்கமுமாக, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் அவனுக்குள் கிடந்தன.

வேர்ணா ஒவ்வொரு பெப்ரவரியும் தேவாலயத்து ஆட்கள் கொஞ்சப்பேரைச் சேர்த்துத் தன் தீவுக்குச் சுற்றுலா கூட்டிப்போவார். மஞ்சள் கடதாசியில் நோட்டீஸ் அடித்து ஒட்டுவார்: பூந்தோட்டம், கோட்டை, எரிமலை, கறுத்த மணற்கரை, சரித்திரம் சொல்பவர் வேர்ணா. எண்பத்தேழில் பாடகர் குழுவில் ஒரு அம்மா விழுந்து இடுப்பு முறிந்ததால், அவருடைய இடமும் புருசனுடைய இடமும் வெறுமையாகின. வேர்ணா பயண ஏஜென்சியில் சண்டைபிடித்துப் பெயரை மாற்றுவித்துவிட்டு மாடிக்கு ஏறிவந்தார். கமலா இந்த வருசம் சிரித்ததை நான் காணவில்லை, இரண்டுபேரும் வாருங்கள், காசைப் பற்றிப் பேசினால் கோபம் வரும் என்றார்.

கமலாம்பிகை அன்றைக்கே சூட்கேஸை இறக்கினாள். இராஜரட்ணம் தொழிற்சாலையில், கனடாக்காரச் சிநேகிதி ஒருத்தி எங்களைக் கரீபியனுக்குக் கூட்டிப்போகிறா என்று சொல்லிக்கொண்டான்.

பார்படோஸ் வரைக்கும் பெரிய விமானம், அங்கிருந்து செயின்ற் வின்சென்றுக்குச் சின்ன விமானம். அந்தச் சின்னது கடற்காற்றில் காகிதப் பட்டம் போல ஆடியதில் அவனுடைய குடல் வாய்க்கு வந்துவிட்டது. இறங்கியதும் ஒரு வாங்கில் குந்தி, ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு கிடந்தான். அந்த நேரத்தில்தான் வேர்ணா பஸ் ஓட்டுநரைக் குழுவுக்கு அறிமுகப்படுத்தினார். கைதட்டும் சிரிப்பும் கேட்டன. என்ன சொன்னார் என்று அவன் கவனிக்கவில்லை. பிறகு கேட்கவும் தோன்றவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது முன்கண்ணாடியில் அந்த ஓட்டுநரின் முகத்தைக் கண்டு அவனுக்குத் திக்கென்றது. ஐம்பது வயதிருக்கும். மாநிறம், எண்ணெய் வைத்ததுபோலப் படிந்த தலைமயிர், கூரான மூக்கு. யாழ்ப்பாணத்தில், சுன்னாகம் பஸ் டிப்போவில் கொண்டுபோய் நிறுத்தினால் ஒருவரும் வேற்றாள் என்று சொல்லமாட்டார்கள்.

முதலில் தாவரப் பூங்காவுக்குப் போனார்கள். ஓலைத்தொப்பியும் பூச்சட்டையுமாக வேர்ணா முன்னால் நடந்தார். ரொறன்ரோ வீட்டில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறுகிறவர், இங்கே இருபது வயது இறங்கிப்போனவர் போல இருந்தார். ஒரு பெரிய மரத்தடியில் நின்று, இது இங்கே முளைத்த சாதி அல்ல என்று தொடங்கினார். அடிமைகளுக்குச் செலவில்லாமல் சாப்பாடு போடவேண்டும் என்று தோட்டத்துரைமார் யோசித்து, பசிபிக் கடலிலிருந்து ஒரு கப்பற் கப்ரினைக் கொண்டு இதன் கன்றுகளைக் கொண்டுவந்தார்கள். வந்த புதிதில் அடிமைகள் அதைத் தின்னவில்லையாம், பன்றிக்குப் போட்டார்களாம். இப்போது இது இல்லாமல் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு இல்லை என்று சிரித்தார்.

கமலாம்பிகை இலையைக் கண்டதுமே அடையாளம் பிடித்துவிட்டாள். ஈரப்பலா! தேங்காய்ப்பாலில் எப்படிக் கறிவைப்பது என்று அவள் தனக்குத் தெரிந்த இங்கிலிசில் சொல்லத் தொடங்க, தொப்பிபோட்ட பெண்கள் எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். இராஜரட்ணம் கொஞ்சம் தள்ளி, குழுவோடு வராத தனி உல்லாசப் பயணிபோலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

அடுத்தது கோட்டை. கடலுக்கு மேல் செங்குத்தான மலை முகட்டில் இருந்தது. கடைசித் தூரம் நடந்துதான் ஏறவேண்டும். வயிறு இன்னும் சரியில்லை என்று சொல்லி இராஜரட்ணம் பஸ்ஸடியில் தங்கிக்கொண்டான். உண்மையில் அவனுக்கு ஓட்டுநருடன் கதைக்கவேண்டும் போலிருந்தது.

பெயரைக் கேட்டான். எல்றோய் என்றார். அதில் கொஞ்சம் ஏமாற்றம். உங்கள் ஆட்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று கேட்க, அப்பாவின் பக்கம் மதராஸ், கரும்பு வெட்ட வந்தவர்கள் என்றார் எல்றோய். இராஜரட்ணத்துக்கு முகம் மலர்ந்தது. அப்ப நாங்கள் இரண்டுபேரும் ஒரே இனம் என்று அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினான். விமானத்தில் ஏறியதிலிருந்து அடக்கி வைத்திருந்த பேச்செல்லாம் அவிழ்ந்து கொட்டியது. தான் ஊரில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவன் என்றான். இந்த அம்மாவின் வீட்டில் இருப்பது விரும்பி அல்ல, வேறு இடம் கிடைக்கும்வரைக்கும்தான் என்றான். அவ பரவாயில்லை, ஆனால் அவவின் ஆட்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத்தேவையில்லை என்று குரலைத் தாழ்த்தினான். சத்தம், கூத்து, நாளைக்கு என்று ஒரு சதம் சேர்க்காத புத்தி, தகப்பன் எங்கே என்று தெரியாத பிள்ளைகள். உழைப்பாளிகளான உங்கள் சனம் இவர்களுக்குள் எப்படித்தான் காலம் தள்ளியதோ. பெண்பிள்ளைகளையாவது கலப்பில்லாமல் வைத்திருக்கிறீர்களா என்றும் கேட்டான்.

எல்றோய் இவ்வளவு நேரமும் பஸ்ஸின் பக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்து, துணியை மடித்துப் பொக்கற்றில் வைத்தார்.

"வேர்ணா என்ர அக்கா," என்றார். "ஒரு வயித்துப் பிள்ளையள். அவ அம்மாவை உரிச்சுப் பிறந்தவ. நான் அப்பாவை."

இராஜரட்ணத்துக்குக் காதிரண்டும் கொதித்தன. நான் அந்தக் கருத்தில் சொல்லவில்லை என்று ஏதோ குழறினான். எந்தக் கருத்தில் என்று அவர் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அவர் கேட்கவில்லை. இருபது வருடமாக பஸ் ஓட்டுகிறேன், டிரைவரிடம் ஆட்கள் எல்லாவற்றையும் சொல்லுவார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, ஏறித் தன் இருக்கையில் அமர்ந்தார்.

மேலே போனவர்கள் வியர்த்து விறுவிறுத்து இறங்கிவந்தார்கள். கமலாம்பிகை பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பீரங்கியெல்லாம் கடலைப் பார்க்கவில்லை, மலையைப் பார்த்துத்தான் நிற்குது என்றாள். இங்கிலிசுக்காரருக்குக் கடலால் வாற எதிரியைவிட, மலைக்குள் இருந்த இந்த மண்ணின் சனத்தை நினைத்துத்தான் கூடப் பயமாம். பிறகு அந்தச் சனத்தைப் பிடித்து ஒரு வறண்ட தீவில் அடைத்து, பாதிப்பேர் செத்தபிறகு மிச்சப்பேரைக் கப்பலேற்றித் துரத்திவிட்டார்களாம். அவன் ஓம் ஓம் என்றான். முன்கண்ணாடியில் எல்றோயின் கண்கள் தெரியாதபடி கொஞ்சம் கொஞ்சமாக ஜன்னற்பக்கம் நகர்ந்துகொண்டிருந்தான்.

பஸ் தீவின் கிழக்குக் கரையால் ஓடியது. ஒருபக்கம் கறுத்த மணலில் அத்திலாந்திக் அலை மோதிச் சிதறியது. மறுபக்கம் தென்னையும் வாழையும். அடிமைகள் கையால் குடைந்த சுரங்கப்பாதை ஒன்றைக் காட்டினார் வேர்ணா. எழுபத்தொன்பதில் பெரிய வெள்ளியன்று எரிமலை வெடித்த கதையைச் சொன்னார். பிறகு ஒரு வளைவில் எல்றோயின் தோளைத் தட்ட, பஸ் ஓரமாக நின்றது. காட்டுக்கொடி மூடிய ஒரு பழைய கரும்பாலை. உயரமான புகைபோக்கியும், துருப்பிடித்த நீர்ச்சக்கரமும் மிச்சமிருந்தன.

"இது நோட்டீஸில இல்லாத தரிப்பு," என்றார் வேர்ணா. "எங்கட ராஜாவுக்கும் கமலாவுக்குமாக வைச்சது."

எல்லாரும் இறங்கிச் சக்கரத்தைச் சுற்றி நின்றார்கள். வேர்ணா சொன்னார்: அடிமைத்தளை ஒழிந்தபிறகு, துரைமார் கொடுத்த கூலிக்கு எங்கள் சனம் கரும்பு வெட்டவில்லை. அதனால் மதராஸிலிருந்து ஆட்களை ஏற்றி வந்தார்கள். முதல் வந்த கப்பலுக்குத் திருவாங்கூர் என்று பெயர். அதில் ஒரு சின்னப் பெட்டை வந்தது. எங்கள் அப்பாவின் பாட்டி. இந்த ஆலைக்குத்தான் வேலைக்கு அனுப்பினார்கள். பாதிரியார் அவவின் கல்லறையில் மேரி எம்மா என்று வெட்டுவித்தார். அப்பா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அப்பா சொல்வது மாரியம்மா.

றகரமுமில்லாமல் ரகரமுமில்லாமல் நாக்கில் உருண்டு வந்தது அந்தப் பெயர். எல்றோய் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"அந்தப் பேருக்கு ஒரு கருத்து இருக்குதெண்டு அப்பா சொல்லுவார். என்னெண்டு அவருக்கும் தெரியாது," என்றார் வேர்ணா. "ராஜா, உனக்குத் தெரியுமோ?"

அத்தனை முகங்களும் அவன் பக்கம் திரும்பின. அவனுக்குத் தெரியும். தெரியாமலிருக்க அவன் என்ன சின்னப்பிள்ளையா? ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் அவனுடைய கண்ணுக்குள் வந்தது கோயில் அல்ல. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கூடை சுமந்த பெண்கள்தான் வந்தார்கள். தோட்டக்காட்டுச் சனம் என்று அவனுடைய வீட்டில் முகம் சுழித்துச் சொல்லப்பட்ட ஆட்கள். இப்போது வாய்திறந்தால் இவர்கள் தன்னையும் அந்தக் கூடையோடு சேர்த்துவிடுவார்கள் என்று பட்டது. கோட்டையடியில் தானாகவே ஓடிப்போய்ப் பிடித்துக் குலுக்கிய அதே கையை இப்போது பின்னால் ஒளித்துக்கொண்டான்.

"தெரியாது," என்றான். "அது எங்கட பேரில்லை. நாங்கள் சிலோன். கூலிக்கு வந்தவை வேறை ஆக்கள்."

பக்கத்தில் கமலாம்பிகை வாயைத் திறந்தாள். அவன் அவளுடைய முழங்கையை இறுக்கிப் பிடித்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

சரி என்றார் வேர்ணா. நீர்ச்சக்கரத்தின் பக்கம் திரும்பினார். பிறகு அது எந்த நகரத்தில் வார்த்தது என்று சொல்லத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு காட்டிய எதுவும் அவனுடைய மனதில் ஒட்டவில்லை. எரிமலையை முகில் மூடியிருந்தது. தண்ணீரில்லாத ஆறு ஒன்றைத் தாண்டினார்கள். திரும்புகிற நாள் விமான நிலையத்தில் எல்றோய் சூட்கேஸ்களை இறக்கும்போது, கிட்டப்போய், அன்றைக்குச் சொன்னதுக்கு மன்னிக்கவேண்டும் என்றான். எல்றோய் அவனுடைய சூட்கேஸை மற்றவர்களுடையதைப் போலவே பக்குவமாக வைத்துவிட்டு, எனக்குச் சொல்லி என்ன பிரயோசனம் என்றார்.

ரொறன்ரோவுக்கு வந்தபிறகுதான் கமலாம்பிகை அவனைக் கேட்டாள், ஏன் என்ர கையைப் பிடிச்சனீங்கள் என்று. அவன் சடைந்து தப்பப் பார்த்தான். அவள் விடவில்லை. கடைசியில் கோட்டையடிக் கதையும் சேர்ந்தே வெளியே வந்தது. எல்றோய் வேர்ணாவின் தம்பி என்று விமான நிலையத்திலேயே எல்லாருக்கும் சொன்னார்களே, உங்களுக்கும் கேட்டிருக்கும் என்றல்லவா நினைத்தேன் என்றாள்.  அதன்பிறகும் சமைத்துப் போட்டாள், உடுப்புத் தோய்த்தாள், சந்தைக்குப் போய்வந்தாள். அவனோடு கதைப்பதை மட்டும் கனநாளைக்கு மிகச் சுருக்கிக்கொண்டாள்.

அவன் தன்னால் இயன்ற விதத்தில் ஈடுசெய்யப் பார்த்தான். வேர்ணா எழும்ப முன்னம் வாசற்பனியை வழித்து ஒதுக்கினான். குப்பை வாளியை இழுத்துப்போய் வைத்தான். கேளாமலே படிக்கட்டுக்குக் கைபிடி பூட்டினான். ஆனால் குசினியில் அவரைக் கண்டால் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு மாடிக்கு ஓடிவிடுவான். கோப்பையை உடைச்ச பிள்ளைபோலத் திரியிறான் உன்ர மனுசன் என்று வேர்ணா கமலாம்பிகையிடம் சொன்னாராம்.

எண்பத்தெட்டு வைகாசியில் பிக்கரிங்கில் சின்னதாக ஒரு வீடு வாங்கிப் போனார்கள். இப்போது இரத்தினவேலையும் மற்றவர்களையும் வீட்டுக்குக் கூப்பிட ஒரு தடையும் இல்லை. வந்தார்கள், சாப்பிட்டார்கள், நல்ல வீடு என்றார்கள். அவனுக்கு எதிர்பார்த்த சந்தோசம் கிடைக்கவில்லை. கமலாம்பிகை ஒவ்வொரு ஞாயிறும் பின்னேரம் வேர்ணாவைப் பார்க்கப் போகவேண்டும் என்று நின்றாள். அவன் காரில் கொண்டுபோய் இறக்குவான். பார்க்கிங் கிடைக்காது என்று சொல்லி, பார்க் பண்ணிய காருக்குள்ளேயே அவள் வரும்வரை இருப்பான்.

இலையுதிர்காலத்தில் ஒரு ஞாயிறு, கமலாம்பிகை உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் வேர்ணா வெளியே வந்தார். கைபிடியைப் பிடித்து மெதுவாக இறங்கி, தெருவைக் கடந்து, காரின் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். வீட்டுச் செருப்போடேயே வந்திருந்தார். உனக்குச் சொந்த வீடு வந்ததால் உள்ளே வர மனமில்லை என்று நினைத்தேன், கமலா அப்படியில்லை என்கிறாள், அப்ப என்ன என்று கேட்டார்.

இராஜரட்ணம் ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு, நான் உங்கள் தம்பியிடம் அன்றைக்கு என்று தொடங்கினான். வேர்ணா கையை உயர்த்தினார். எல்றோய் அன்று பின்னேரமே சொல்லிவிட்டான், அவனுடைய வயிற்றில் ஒன்றும் நிற்காது என்றார். இந்த நகரத்தில் அந்தப் பேச்சை அவர் கேளாத பஸ் இல்லை, கேளாத வேலைத்தலம் இல்லை. நோகவில்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் அந்த நோவுக்கு எனக்குத் தோல் தடித்துவிட்டது என்றார்.

"மற்றதுக்குத்தான் நான் ஆயத்தமா நிக்கேல்லை," என்றார். "அந்தப் பேர். உனக்குத் தெரியும். உன்ர முகத்தில கண்டனான். ஏன் தெரியாதெண்டனீ?"

அவன் இவ்வளவு நாளும் வெட்கப்பட்டது வேறொன்றுக்கு. இதை அவர் கண்டிருப்பார் என்று நினைக்கவேயில்லை. பொய் ஒன்று சொல்லலாமா என்று யோசித்தான்.  எங்கள் ஊரில் தோட்டத்துக்குக் கூலிவேலைக்கு வந்தவர்களைக் குறைவாகத்தான் பார்ப்பார்கள் என்றான். என்னையும் அவர்களோடு சேர்த்து நிறுத்துகிறீர்கள் என்று வெட்கமாக இருந்தது என்றான். சொல்லும்போதே அவனுடைய குரல் அவனுக்கே அருவருத்தது.

வேர்ணா தெருப்பக்கம் திரும்பினார். காற்றில் மேப்பிள் இலைகள் காரின் முன்கண்ணாடியில் வந்து விழுந்தன.

"அப்ப, அம்மாவின்ர பக்கத்துக்கும் வெக்கம், அப்பாவின்ர பக்கத்துக்கும் வெக்கம்," என்றார். "எனக்கு வேறை பக்கம் இல்லை, ராஜா."

கோபமாகச் சொல்லவில்லை. எத்தனை மணி என்று சொல்வதுபோலச் சொன்னார். கதவைத் திறந்து இறங்கி, செருப்பில் ஒட்டிய இலையை உதறிவிட்டு, திரும்பிப் பாராமல் படியேறினார். இராஜரட்ணம் இறங்கிப் பின்னால் போகலாம் என்று கதவில் கைவைத்தான்.  கமலாம்பிகை வந்து ஏறும்வரைக்கும் கை அங்கேயே இருந்தது.

அடுத்த ஞாயிறு அவன் உள்ளே போனான். வேர்ணா கதிரை காட்டினார், தேத்தண்ணி கொடுத்தார், பிக்கரிங் றெயின் நேரத்துக்கு வருகிறதா என்று விசாரித்தார். அவனும் பதில் சொன்னான். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான். மரியாதையில் ஒரு குறையும் இருக்கவில்லை. முன்பு குசினிக்குள்ளிருந்து, ராஜா, இந்தப் போத்தலைத் திறந்து தா என்று கத்துவாரே, அது மட்டும் நின்றுபோய்விட்டது.

எண்பத்தொன்பது பெப்ரவரிப் பயணத்துக்கு மஞ்சள் நோட்டீஸ் மறுபடியும் வந்தது. அதில் பழைய கரும்பாலையும் ஒரு இடமாகச் சேர்ந்திருந்தது. கமலாம்பிகை தான் வேலைசெய்த தையல் தொழிற்சாலையில் லீவு எடுத்து, தன் சம்பளத்தில் ஒரு ரிக்கற் வாங்கினாள். ஒன்றுதான். அவனையும் வரச்சொல்லி அவளும் கேட்கவில்லை, வேர்ணாவும் கேட்கவில்லை. அவனுக்கும் கேட்க முகமில்லை.

அவர்கள் திரும்பிய அன்று அவன் விமான நிலையத்துக்குப் போனான். வெயிலில் கறுத்து, கழுத்தில் சிப்பிமாலையோடு, பாடகர் குழுப் பெண்கள் நடுவில் சிரித்துக்கொண்டு வந்தாள் கமலாம்பிகை. அவன் வேர்ணாவின் சூட்கேஸை வாங்கப் போனான். அவர் நன்றி சொல்லிக் கொடுத்தார். எக்ளின்ரனில் அவரை இறக்கிவிட்டு நெடுஞ்சாலையில் ஏறும்வரைக்கும் கமலாம்பிகை தீவைப் பற்றிக் கதைத்துக்கொண்டே வந்தாள். இம்முறை எரிமலை முகிலில்லாமல் தெரிந்ததாம். எல்றோய் ஈரப்பலாக்காயை நெருப்பில் சுட்டுத் தந்தாராம்.

அவன் கேட்காமல் இருக்கத்தான் பார்த்தான். ஸ்காபரோவைத் தாண்டும்போது கேட்டுவிட்டான், ஆலையடியில் நிப்பாட்டினவையோ என்று.

"ஓம். வேர்ணா அன்ரி கேட்டா. தெரிஞ்சதைச் சொன்னன்," என்றாள். "மாரியெண்டால் மழை. மழை தாற அம்மா எண்டு. எல்றோய் அண்ணை ரெண்டுதரம் சொல்லச் சொல்லிக் கேட்டார்."

எல்றோய் வேறு ஏதும் சொன்னாரா, என்னை விசாரித்தாரா என்று கேட்க அவனுக்கு நாக்கு எழவில்லை. கமலாம்பிகை சீற்றைச் சரித்துக் கண்ணை மூடினாள். பிக்கரிங் வரைக்கும் அவன் றேடியோவைக்கூடப் போடாமல் ஓட்டினான்.